வீட்டில் பழச்சாறும் காய்கறிச் சாறும்

பல்வகைத் தட்பவெப்ப நிலைகள் அமைந்த நம் நாட்டில் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு பழம் பருவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. நாகபுரியின் ஆரஞ்சு, பஞ்சாபின் கின்னோ, காஷ்மீரத்தின் ஆப்பிள், கொங்கணக் கரையின் கோகம், தென்னாட்டின் மாவும் கொய்யாவும் என இவ்வரிசை நீண்டு செல்லும். பழத்தைப் பானமாக்கி அருந்தும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. வட இந்தியாவில் மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ செய்யும் ஆம் பன்னா, ஒடிசாவில் வில்வப்பழத்தால் செய்யும் பானகம், கொங்கணத்தில் கோகம் சர்பத், தமிழ்நாட்டில் எலுமிச்சையும் வெல்லமும் சுக்கும் கலந்த பானகம் ஆகியவை கோடையின் வெம்மைக்கு மக்கள் கண்ட மாற்றுகளாகும்.

மின்சாரத்தால் இயங்கும் மிக்ஸி சிற்றூர் வீடுகளுக்கும் வந்துவிட்டபடியால், இன்று எந்தப் பழத்தையும் எந்தக் காயையும் ஓரிரு நிமிடங்களில் சாறாக்கிவிட இயலுகிறது. அதனுடன் கூடவே சில நம்பிக்கைகளும் பரவியிருக்கின்றன. பழத்தைக் காட்டிலும் பழச்சாறு சத்து மிக்கது என்பது ஒன்று. பச்சைக் காய்கறிச் சாறு பல நோய்களைத் தீர்க்கும் என்பது மற்றொன்று. வீட்டில் செய்தது, இயற்கையானது, ஆகையால் அதில் தீங்கு இருக்க முடியாது என்பது மூன்றாவது. இவற்றின் உண்மையை அறிய விரும்பும் பெற்றோர் முதலில் நாடுவது களப்பணியாளர்களையும் ஆசிரியர்களையுமே. அவர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. பழம் வேறு, பழச்சாறு வேறு. தோல் அறுபட்ட அந்த நிமிடத்திலிருந்தே சாறு மாறத் தொடங்கிவிடுகிறது. அம்மாறுதல்கள் எவை, அவற்றுள் தடுக்கக் கூடியவை எவை என்பதைத் தெரிந்துகொண்டால், நற்சாறு தயாரிக்கும் முறைகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

சாற்றில் நிகழும் மாறுதல்கள்

முழுப் பழத்தினுள் ஒவ்வொரு பொருளும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்கிறது. அமிலமும் சர்க்கரையும் ஓரிடத்திலும், என்ஸைம் எனப்படும் வினையூக்கிகள் வேறிடத்திலும் உள்ளன. வெளித்தோல் காற்றையும் கிருமிகளையும் உள்ளே விடுவதில்லை. பழத்தை அரைக்கும்போது இவ்வறைகள் உடைகின்றன, பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன, காற்றும் உட்புகுகிறது. இதனால் மூன்று மாறுதல்கள் ஏற்படுகின்றன.

முதலாவது, பிராணவாயுவினால் ஏற்படும் மாறுதல். நறுக்கிய ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பதை அனைவரும் கண்டிருப்பர். பழத்திலுள்ள துவர்ப்புப் பொருள்கள் என்ஸைமின் தூண்டுதலால் பிராணவாயுவுடன் சேர்வதே இதற்குக் காரணம். வைட்டமின் ‘சி’யும் இவ்வாறே பிராணவாயுவுடன் சேர்ந்து வீணாகிறது. வெள்ளரிக்காய், காரட், பூசணி இனங்கள் ஆகியவற்றில் இவ்வைட்டமினை அழிக்கும் தனி என்ஸைம் ஒன்று உண்டு. ஆதலால் ஆரஞ்சுச் சாற்றுடன் வெள்ளரிச் சாற்றைக் கலந்து நெடுநேரம் வைத்தால், ஆரஞ்சிலுள்ள வைட்டமினும் குறைந்துபோகும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு இவ்வகை என்ஸைம்களின் வேகத்தைத் தணிக்கிறது.

இரண்டாவது, நுண்ணுயிர்களால் ஏற்படும் மாறுதல். சர்க்கரையும் நீரும் கலந்த சாறு ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் ஏற்ற உணவாகும். சாதகமான வெதுவெதுப்பில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. அக்கணக்கின்படி ஒரே ஒரு பாக்டீரியா 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும். சாற்றின் புளிப்பு இவ்வேகத்தைக் குறைக்குமேயன்றி, எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடாது.

மூன்றாவது, நாம் வடிகட்டும்போது ஏற்படும் இழப்பு. சக்கை என்று எறியும் பகுதியில்தான் நார்ப்பொருளின் பெரும்பகுதி இருக்கிறது. நார் நீங்கிய பின் எஞ்சும் சர்க்கரை விரைவில் இரத்தத்திற் கலக்கிறது. மேலும், ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று அல்லது நான்கு பழங்கள் வேண்டும். ஒரே வேளையில் நான்கு பழங்களை மென்று உண்பவர் அரியர். அவற்றின் சாற்றைப் பருகுவதோ எவருக்கும் எளிது.

வரலாறு தரும் பாடம்

சாறு மாறும் தன்மையுடையது என்பதை மனிதர் மிகுந்த துன்பத்திற்குப் பின்னரே உணர்ந்தனர். 1747-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்கள் விரைவில் குணமடைந்தனர். ஆயினும், நெடும் பயணத்திற்கு எடுத்துச் செல்ல ஏதுவாக, சாற்றைச் சூட்டில் வற்றவைத்துக் குழம்பாக்கி வைக்கும் முறையையே லிண்ட் பரிந்துரைத்தார். அவ்வாறு வற்றும்போது நோயைத் தீர்க்கும் பொருளின் பெரும்பகுதி அழிந்துவிடும் என்பது அக்காலத்தில் தெரியவில்லை.

1795-இல் எலுமிச்சைச் சாறு வழங்குவதைக் கடற்படை ஏற்றுக்கொண்டதும் ஸ்கர்வி வெகுவாகக் குறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மத்தியதரைக் கடற்பகுதியின் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றெலுமிச்சைச் சாறு வழங்கப்பட்டது. புளிப்பு இருந்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். 1875-இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவினர், கப்பலில் சாறு இருந்தும் ஸ்கர்வியால் பெரிதும் வருந்தினர். 1918-இல் லண்டன் நகரின் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும், சிற்றெலுமிச்சைச் சாற்றின் ஆற்றல் மற்றையதைவிட மிகக் குறைவு என்பதைச் சோதனையால் நிறுவினர். அந்நோய் தீர்க்கும் பொருளே பின்னர் வைட்டமின் ‘சி’ எனப் பெயர் பெற்றது. புளிப்பும் வைட்டமினும் ஒன்றல்ல. சூடு, காற்று, காலம் ஆகிய மூன்றும் சாற்றின் பயனைக் குறைக்கும். இவையே இவ்வரலாறு தரும் பாடங்கள்.

பழத்தைத் தேர்தலும் கழுவுதலும்

முற்றிப் பழுத்த, அழுகாத பழங்களையே சாற்றுக்குக் கொள்ளவேண்டும். அழுகிய பகுதியை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு எஞ்சியதைச் சாறாக்குவது சிக்கனமாகத் தோன்றினும் தகாத செயலாகும். பூஞ்சைக் காளானின் நச்சுப் பொருள் கண்ணுக்குப் புலப்படாமல் அடுத்த சதையிலும் பரவியிருக்கக்கூடும். தரையில் வீழ்ந்து அடிபட்ட பழங்களையும் விலக்கவேண்டும்.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும், சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றைப் பருகியவர்களில் ஏறத்தாழ 70 பேர் ‘ஈ. கோலை’ இனத்தைச் சேர்ந்த கொடிய பாக்டீரியாவினால் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. ஆப்பிள் சாறு புளிப்புடையதாகையால் அதில் இக்கிருமி பிழைக்காது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். இதன் விளைவாக, விற்பனைக்கு வரும் சாற்றில் நோய்க்கிருமிகளை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் முறையை உற்பத்தியாளர் கையாளவேண்டும் என்ற விதியை 2001-இல் அந்நாட்டு அரசு வெளியிட்டது.

வீட்டில் இவ்வபாயத்தைத் தவிர்க்கும் வழி எளிது. தோலை நீக்கப் போகிறோம் என்பதற்காகக் கழுவாமல் விடுதல் கூடாது. தர்ப்பூசணியின் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டு செல்கிறது. பழத்தை நறுக்குமுன், ஓடும் நன்னீரில் கையால் தேய்த்துக் கழுவவேண்டும். கைகளைச் சோப்பினால் கழுவவேண்டும். மிக்ஸியின் பாத்திரத்தையும் கத்தி அலகுகளையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒவ்வொரு முறையும் கழற்றித் தேய்த்து உலர்த்தவேண்டும். சாற்றில் கலக்கும் நீர் காய்ச்சி ஆறியதாக இருத்தல் நலம். பனிக்கட்டியில் உறைந்திருக்கும் கிருமிகள் இறந்துவிடுவதில்லை. ஆகவே குடிநீரல்லாத நீரால் செய்த பனிக்கட்டி, சுத்தமான சாற்றையும் கெடுத்துவிடும்.

ஏற்ற பாத்திரங்கள்

புளிப்புள்ள சாறு, ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை அரித்துக் களிம்பை உண்டாக்கும். அது வயிற்றுக் குமட்டலையும் வாந்தியையும் விளைவிக்கும். இம்மியளவு செம்பு சாற்றில் கலந்தாலும் வைட்டமின் ‘சி’ மிக விரைவில் அழியும். இரும்புப் பாத்திரம் சாற்றைக் கறுக்கச் செய்யும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவையே ஏற்றவை. மிக்ஸியை நெடுநேரம் சுழலவிட்டால் நுரை பெருகும். நுரை என்பது சாற்றினுள் புகுந்த காற்றேயாகும். தேவையான அளவு மட்டும் அரைத்து உடனே நிறுத்தவேண்டும்.

சாறு எடுக்கும் முறைகள்

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை: பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி மெல்லப் பிழியவேண்டும். மிக அழுத்திப் பிழிந்தால் தோலின் எண்ணெயும் விதையின் கசப்பும் சாற்றில் இறங்கும். பிழிந்தபோது இனிப்பாக இருந்த கின்னோச் சாறு சில மணி நேரத்திற்குப் பின் கசப்பதைப் பலர் கண்டு வியந்திருப்பர். சுளையின் சவ்விலும் விதையிலும் சுவையற்றதாக இருக்கும் ஒரு பொருள், சாற்றின் அமிலத்தில் சேர்ந்ததும் மெள்ள மெள்ள லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடு இதனை விரைவுபடுத்தும். எனவே இத்தகைய சாற்றை உடனே பருகிவிடுவதே தக்கது.

நெல்லி: நூறு கிராம் பெருநெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ உண்டு என்று பழைய அட்டவணைகள் கூறின. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் இது ஏறத்தாழ 250 மில்லிகிராம் என்றே காணப்படுகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் புதிய அளவையே கொள்வது நலம். இவ்வளவும் ஆரஞ்சைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காகும். கொட்டை நீக்கிய நெல்லியைச் சிறிது நீருடன் அரைத்து வடிகட்டி, பருகும்போது நான்கு பங்கு நீர் சேர்க்கலாம். நெல்லியை அடுத்து வைட்டமின் மிக்க பழம் எளியோர் கையிலும் கிட்டும் கொய்யா. அதில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கொய்யாவைச் சாறாக்காமல் கடித்து உண்பதே அதன் முழுப்பயனையும் பெறும் வழி.

திராட்சை: நீலத் திராட்சையின் நிறம் தோலில் உள்ளது. பழத்தை மசித்து 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை சில நிமிடங்கள் சூடாக்கிப் பின் வடிகட்டினால் நிறம் சாற்றில் இறங்கும். குளிரில் வைத்த சாற்றின் அடியில் மணல்போல் படியும் துகள்கள் திராட்சைக்கே உரிய உப்பாகும். சாறு கெட்டதன் அடையாளம் அன்று. தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

மாதுளை: முத்துக்களை மட்டும் உதிர்த்துத் துணியில் இட்டுப் பிழியவேண்டும். மஞ்சள் நிறத் தோலும் சவ்வும் கலந்தால் சாறு துவர்க்கும்.

தக்காளி: நறுக்கி வெறுமனே அரைத்த தக்காளிச் சாறு, சிறிது நேரத்தில் மேலே நீராகவும் கீழே விழுதாகவும் பிரிந்துவிடும். சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளை அதன் என்ஸைம்களே சிதைப்பதுதான் இதற்குக் காரணம். நறுக்கியவுடன் அடுப்பிலேற்றிக் கொதிநிலையை ஒட்டிச் சூடாக்கினால் அந்த என்ஸைம்கள் செயலிழக்கும். பின்னர் மசித்து வடிகட்டிய சாறு பிரியாமல் கெட்டியாக நிற்கும்.

காய்கறிச் சாற்றில் தனிக் கவனம்

பெரும்பாலான பழச்சாறுகள் புளிப்பானவை. காய்கறிச் சாறுகளோ, தக்காளி நீங்கலாக, புளிப்பற்றவை. இவ்வேறுபாடு சுவையைப் பற்றியது மட்டுமன்று. உயிரைப் பற்றியதும் ஆகும். மண்ணில் வாழும் ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்னும் பாக்டீரியா, புளிப்பு மிக்க சாற்றில் வளராது. காற்றுப்புகாமல் அடைத்த புளிப்பற்ற சாற்றில் வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடு நஞ்சை உண்டாக்கும். 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், புட்டியில் அடைத்த காரட் சாற்றைக் குளிரில் வைக்கத் தவறியதால் சிலர் இந்நஞ்சினால் தாக்குண்டனர். அச்சாறு முன்னரே சூடுபடுத்தப்பட்டதுதான். அச்சூடு இப்பாக்டீரியாவின் விதையுறைகளைக் கொல்லப் போதுமானதன்று. ஆகவே காய்கறிச் சாற்றை வீட்டில் புட்டியிலடைத்துச் சேமிக்க முயலவே கூடாது. எடுத்தவுடன் அருந்திவிட வேண்டும்.

காரட்டை மண் போகக் கழுவி, மேல்தோலைச் சீவி, சில நிமிடம் கொதிநீரில் இட்டெடுத்து அரைப்பது சிறந்த முறை. அதிலுள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவதாகையால், பாலுடனோ உணவுடனோ அருந்தினால்தான் உடலிற் சேரும்.

சுரைக்காய்ச் சாற்றைப் பற்றித் தனியே எச்சரிக்கை தேவை. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நல்லது என்று கருதி, காலையில் இதனைப் பச்சையாக அருந்தும் வழக்கம் பல மாநிலங்களில் உள்ளது. சுரை, வெள்ளரி இனங்களில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு சிற்சில காய்களில் மிகுதியாக உண்டாகிவிடுகிறது. 2010-ஆம் ஆண்டில் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பருகிய ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இப்பொருளை ஆராய நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை ஒருபோதும் அருந்தலாகாது என்பதே அதன் தெளிவான அறிவுரை. காயின் ஒரு சிறு துண்டை முதலில் நாவில் வைத்துப் பார்க்கவேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடவேண்டும். வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புதற்கில்லை. பாகற்காய்ச் சாற்றுடன் கலப்பதோ அபாயகரமானது; எந்தக் கசப்பு எதனுடையது என்று தெரியாமற்போகும். மருந்து கசக்கத்தான் செய்யும் என்ற எண்ணத்தால் பலர் பொறுத்துக்கொண்டு குடித்துவிடுகின்றனர். பருகியபின் வாந்தி, வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி ஆகியவை தோன்றினால் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்த காய்கனிகளின் சாறும் அளவு கடந்தால் தீங்கு செய்யும். கேரளத்தில் இரும்பன் புளி எனப்படும் பிலிம்பிக்காயின் அடர்ந்த சாற்றை, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அருந்தியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். சிறுநீரக நோயுற்றோர் நட்சத்திரப் பழத்தின் சாற்றை அறவே நீக்கவேண்டும். குழம்பில் ஓரிரு காய்கள் சேர்ப்பது வேறு. பத்துக் காய்களைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. உணவாக இருந்தது சாறாகச் செறிந்தபோது அளவு மாறிவிடுகிறது.

சாற்றைச் சேமித்தல்

எடுத்த சாற்றை உடனே அருந்துவதே முதல் விதி. குளிர்ப்பெட்டியில் வைக்க நேர்ந்தால், கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பி மூடி, 5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத குளிரில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிடவேண்டும்.

பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் எலுமிச்சையைச் சில மாதங்களுக்குப் பாதுகாக்க விரும்புவோர் ஸ்குவாஷ் தயாரிக்கலாம். நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி ஸ்குவாஷில் 25 சதவீதத்திற்குக் குறையாமல் சாறும், 40 சதவீதத்திற்குக் குறையாமல் கரைந்த திடப்பொருளும் இருத்தல் வேண்டும். வீட்டிற்கு ஏற்ற அளவு பின்வருமாறு:

எலுமிச்சைச் சாறு – 1 லிட்டர்
சர்க்கரை – 2 கிலோகிராம்
நீர் – 1 லிட்டர்
பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் – 2 கிராம்

சர்க்கரையை நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி முற்றிலும் ஆறவிடவேண்டும். ஆறிய பாகில் சாற்றைச் சேர்க்கவேண்டும். சூடான பாகில் சேர்த்தால் மணமும் வைட்டமினும் குறையும். பாதுகாப்புப் பொருளைச் சிறிதளவு நீரில் கரைத்து இறுதியில் ஊற்றி நன்கு கலக்கவேண்டும். வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய புட்டிகளில், கழுத்தருகே இரு விரல் இடம் விட்டு நிரப்பி இறுக மூடவேண்டும். இதில் ஏறத்தாழ 4 கிலோகிராம் ஸ்குவாஷ் கிடைக்கும். அருந்தும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்க்கலாம்.

இங்கு மூன்று பொருள்கள் சேர்ந்து காவல் புரிகின்றன. சர்க்கரை, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. அமிலம் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மெட்டாபைசல்பைட்டிலிருந்து வெளிப்படும் கந்தக டையாக்ஸைடு ஈஸ்டையும் பூஞ்சைக் காளானையும் அடக்குகிறது. இப்பொருளைக் கண்ணளவாக இடுதல் கூடாது. வீட்டில் 2 கிராமை நிறுக்கும் தராசு இராதாகையால், பள்ளி ஆய்வுக்கூடத் தராசு இங்குப் பெரிதும் உதவும். ஆஸ்துமா நோயுடையோருக்கு இது ஒவ்வாது. கந்தக டையாக்ஸைடு நிறத்தை வெளுக்கச் செய்வதால் திராட்சை, மாதுளை, நாவல் போன்ற செந்நிறச் சாறுகளுக்கு இதற்கு மாறாகச் சோடியம் பென்சோயேட் பயன்படுகிறது. நுரைத்துப் பொங்கிய, பூஞ்சை படர்ந்த, மணம் மாறிய புட்டியைச் சுவைத்துப் பாராமலே கொட்டிவிடவேண்டும்.

இம்முறைகளைச் செய்து பார்த்துப் பயில விரும்புவோர் வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். 1974-இல் புதுச்சேரியில் முதலாவதாகத் தொடங்கப்பெற்ற இந்நிலையங்கள் இன்று நாடெங்கும் பரவியுள்ளன.

யாருக்கு எவ்வளவு?

ஆறு மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தேவையில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பழச்சாறு வேண்டா என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 125 மில்லிலிட்டருக்கும், அதற்கு மேற்பட்ட வயதில் 250 மில்லிலிட்டருக்கும் மிகக்கூடாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் அறிவுறுத்தியது. பல் முளைத்த குழந்தைக்கு நன்கு மசித்த பழமே ஏற்றது.

2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, பழச்சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் நாம் குறைக்கவேண்டிய சர்க்கரையின் கணக்கிலேயே சேர்க்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு இதன் மேல் வரம்பு நாளொன்றுக்கு 50 கிராம். 200 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாற்றில், கரண்டிச் சர்க்கரை ஏதும் சேர்க்காமலே 15 முதல் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. முழு ஆரஞ்சுப் பழத்தின் சர்க்கரை இக்கணக்கில் சேராது. பழம் வேறு, சாறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நீரிழிவு உள்ளோர் சாற்றை விடுத்து, மருத்துவர் கூறும் அளவில் பழமாகவே உண்ணவேண்டும்.

வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்குப் பழச்சாறு மருந்தாகாது. அதன் சர்க்கரை பேதியை மிகுவிக்கவும் கூடும். அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை உறையில் குறித்த அளவு நீரில் கரைத்துக் கொடுப்பதே முறையாகும். களப்பணியாளர்கள் தாய்மார்களுக்கு இதனைத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கவேண்டும்.

அங்ஙனமாயின் சாற்றினால் பயனே இல்லையோ என்ற ஐயம் எழலாம். பெரும் பயன் ஒன்று உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். கீரையிலும் பயறுகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேர்வதில்லை. அதே வேளையில் வைட்டமின் ‘சி’யும் வயிற்றிலிருந்தால் அது கூடுதலாகச் சேருகிறது. உணவுடன் அருந்தும் தேநீர் இதற்கு மாறாகத் தடைசெய்கிறது. ஆகவே சாப்பாட்டு வேளையில் அரை மூடி எலுமிச்சையை நீரிலோ பருப்பிலோ பிழிந்துகொள்வதும், சிறிது நெல்லிச்சாறு அருந்துவதும் ஏழைக் குடும்பத்தாலும் இயலக்கூடிய நற்பழக்கங்களாகும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியவேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

மாணவர்கள் தம் கண்ணால் கண்டால் இவ்வுண்மைகள் மனத்திற் பதியும். கஞ்சியின் தெளிவில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு தம்ளர் நீரில் கலந்து, அதில் ஆய்வுக்கூட அயோடின் கரைசலைச் சில துளிகள் விட்டால் நீர் கருநீலமாகும். இந்நீரைச் சம அளவில் மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றுக. முதற் குழாயில் அப்பொழுதே பிழிந்த எலுமிச்சைச் சாற்றையும், இரண்டாவதில் முதல் நாள் பிழிந்து திறந்து வைத்த சாற்றையும், மூன்றாவதில் நெடுநேரம் கொதிக்கவைத்து, வற்றிய அளவுக்கு மீண்டும் நீர் சேர்த்த சாற்றையும் துளித்துளியாக விட்டு, நீலநிறம் மறைய எத்தனை துளிகள் வேண்டும் என்று எண்ணுக. வைட்டமின் ‘சி’ அயோடினின் நிறத்தைப் போக்குவதால், எச்சாற்றில் அது குறைந்திருக்கிறதோ அச்சாற்றுக்கு அதிகத் துளிகள் தேவைப்படும். கொய்யா, நெல்லி, சாத்துக்குடி ஆகியவற்றையும் இவ்வாறே ஒப்பிடலாம். சோதனைக்குப் பின் கரைசலைக் கொட்டிவிடவேண்டும், எவரும் பருகலாகாது.

முடிவாக, மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவை சிலவே. பழமாக உண்ணக்கூடியதைப் பழமாகவே உண்க. சாறு எடுப்பின் சுத்தமாக, சிறிதளவாக, அருந்தும் வேளையில் எடுக்க. கசக்கும் சுரைக்காயை எறிக. காய்கறிச் சாற்றைச் சேமியாதொழிக. எந்தச் சாற்றையும் மருந்துக்கு மாற்றாகக் கொள்ளாதிருக்க. இவற்றைக் கடைப்பிடித்தால், கோடையில் ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு நாவுக்கு இனிமையும் உடலுக்கு நன்மையும் ஒருங்கே தரும்.